வீடிழந்தோர் புகலிடமும் வெப்பத்தின் இயல்பும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் முதலிரண்டையும் இழந்தார்க்கு அவற்றை ஒரு பகலில் அளித்துவிடலாகும். சோறும் துணியும் வண்டியிலேற்றி அனுப்பத்தக்கன. உறையுளோ அத்தன்மையதன்று. நிலநடுக்கமும் கடற்கொந்தளிப்பும் பெருவெள்ளமும் ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரு நாழிகைக்குள் தரைமட்டமாக்கிவிடுகின்றன. அவற்றை மீண்டும் எடுத்துக் கட்டுதற்கோ ஆண்டுகள் பல செல்லுகின்றன. இடைப்பட்ட அக்காலமெல்லாம் வீடிழந்தோர் தங்குதற்குத் தற்காலிகப் புகலிடங்கள் வேண்டப்படுகின்றன. அரசாங்கத்தாரும் தரும ஸ்தாபனத்தாரும் தகரம், கூடாரத் துணி, தார் அட்டை முதலியவற்றைக் கொண்டு அவற்றை விரைந்து அமைக்கின்றனர். மழைக்கு ஒதுங்க இடமாயிற்று என்று கொடுத்தோர் மனம் அமைதியடைகின்றது. ஆயின், அக்குடிலுக்குள் நடுப்பகலில் ஒரு கைக்குழந்தை எங்ஙனம் உறங்கும், பனிக்காலத்து நள்ளிரவில் ஒரு முதியவள் எங்ஙனம் கண்ணயர்வாள் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினாக்கள் வீணானவை அல்ல. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையோரத்து மீனவர் குடியிருப்புகள் பலவற்றை வாரிக்கொண்டு சென்றதை நாம் மறந்திலோம். எஞ்சியோர்க்கென விரைந்து எழுப்பப்பட்ட குடில்களுட் பல தார் தோய்த்த கரிய அட்டைகளால் ஆனவை. தை மாதத்தில் அவை போதுமானவையாகவே தோன்றின. சித்திரை பிறந்த பின்னரோ பகற்பொழுதில் அவற்றினுள் இருத்தல் அரிதாயிற்று. கடலை அஞ்சி ஓடிவந்தோர் கூரையை அஞ்சி வெளியே அமர வேண்டியவராயினர். அடுத்த ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் காஷ்மீரத்து மலைப்பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் பாகிஸ்தானில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்களை வீடற்றவராக்கிற்று. பனிக்காலமோ சில வாரங்களில் தொடங்கவிருந்தது. அனுப்பப்பட்ட கூடாரங்களுட் பெரும்பாலன பனியைத் தாங்குதற்கென்று தைக்கப்பட்டவை அல்ல. ஓரிடத்தில் வெப்பமாகவும் மற்றோரிடத்தில் குளிராகவும் வந்த துன்பம், ஆராயுமிடத்து, ஒரே பிழையின் இரு முகங்களாம். புகலிடத்தின் சுவரும் கூரையும் மழையைத் தடுத்தன; வெப்பத்தைத் தடுத்தில.

வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் விலையுயர்ந்த பொருள்கட்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. கொத்தனாரும் தச்சரும் கட்டடப் பொருளென்று மதியாத வைக்கோல், உமி, பழங்காகிதம், மண், கீற்று ஆகிய எளிய பொருள்களே இத்துறையில் இரும்பையும் செங்கல்லையும் வென்று நிற்கின்றன. அஃது எங்ஙனம் என்பதையும், அப்பொருள்களை எவ்வெவ்விடங்களில் எவ்வெவ்வாறு பயன்படுத்தினர் என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் மூன்று. அடுப்பிலிட்ட இருப்புக் கரண்டியின் ஒரு முனையிற் பட்ட வெப்பம் மறுமுனையைப் பிடித்த கையைச் சுடுகின்றது. இது கடத்தல் எனப்படும். விளக்குச் சுடருக்கு மேலே காற்றுச் சூடாகி எழ, அவ்விடத்திற்குப் பக்கத்துக் காற்று வந்து புகுகின்றது. இங்ஙனம் காற்றோ நீரோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்லுதல் சலனம் எனப்படும். எரியும் சூளைக்கு எதிரே நிற்பவன் முகம் காய்கின்றது, ஓர் ஓலையை இடையிற் பிடித்த அளவில் அவ்வெம்மை மறைகின்றது, இது கதிர்வீசல். கதிரவனின் வெப்பம் நம்மை அடைவது இம்மூன்றாம் வழியால். ஒரு நல்ல புகலிடம் இம்மூன்று வாயில்களையும் காக்க வேண்டும். ஒன்றை அடைத்து மற்ற இரண்டைத் திறந்து வைத்தலாற் பயன் சிறிதே.

முதலிற் கடத்தலை நோக்குவோம். அதிகாலையில் எழுந்து ஒரு கையால் இரும்புக் கம்பியையும் மறு கையால் மரக்கதவையும் தொடுவோமாயின் இரும்பு குளிர்ந்தும் மரம் குளிராதும் தோன்றும். இரவு முழுதும் ஒரே அறையிற் கிடந்த இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் உள்ளன. இரும்பு நம் கையின் வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்ளுகின்றது. மரம் அங்ஙனம் செய்வதில்லை. வேறுபாடு அவ்வளவே. இவ்வாற்றலை அளந்து கண்டோர் கூறுவதாவது: அசையாது நிற்கும் காற்றின் கடத்தும் ஆற்றலை 1 எனக் கொண்டால், உலர்ந்த வைக்கோலும் உமியும் 2 அல்லது 3, உலர்ந்த மரம் 5, நீர் 20-க்கு மேல், செங்கல் 25 முதல் 30 வரை, இரும்புத் தகடு ஏறத்தாழ 2000. ஆகவே வெப்பத்தைத் தடுப்பதில் தலைசிறந்த எளிய பொருள் காற்றே. ஆயினும் காற்று ஓரிடத்தில் நில்லாது. அதனை அசையவொட்டாமற் சிறைப்படுத்தி வைப்பதே நம் வேலை.

இவ்வுண்மை புதிதன்று. பெஞ்சமின் தாம்ஸன் என்னும் ரம்போர்டுப் பிரபு, கம்பளியும் பட்டும் பறவையின் மென்சிறகும் ஏன் உடலைக் காக்கின்றன என்று ஆராய்ந்து, அவ்விழைகளுக்கு இடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றே அதற்குக் காரணமென நிறுவினார். 1792-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தாரின் காப்ளி பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. வைக்கோலும் உமியும் காகிதக் கூளமும் செய்வது இதுவே. அவை தம் வலிமையால் அன்று, தம்முள் அடக்கிய காற்றினாலேயே வெப்பத்தைத் தடுக்கின்றன. அக்காற்று நின்ற இடத்தில் நீர் புகுமாயின் பயன் கெட்டுவிடும் என்பதும் மேற்கூறிய எண்களிலிருந்தே விளங்கும். நீர் காற்றினும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகின்றதன்றோ? நனைந்த போர்வை குளிரைத் தாங்காதவாறு போல நனைந்த வைக்கோலும் வெப்பத்தைத் தடுக்க மாட்டாது.

இனி ஒரு தகரக் குடிலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கோடையின் நடுப்பகலில் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் விழும் வெயில் ஏறக்குறைய 900 வாட் என்க. பழகி மங்கிய தகரம் அதில் 70 விழுக்காட்டை உட்கொள்ளும். வெளிக்காற்று 36 பாகை செல்சியஸ் ஆயின், அத்தகரம் ஏறக்குறைய 60 பாகையை எட்டும். தகரத்தின் கனம் மிகச் சிறிதாதலின் அதன் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே சூட்டில் இருக்கும். அவ்வடிப்புறமோ தன் கீழ் அமர்ந்தோர் தலைமீது ஒரு பெரிய அடுப்பைப் போலக் கதிர்வீசிக்கொண்டேயிருக்கும். உள்ளே காற்றோட்டம் நன்றாக அமைந்து, உட்காற்றும் வெளிக்காற்றும் ஒரே சூட்டில் இருப்பதாகக் கொண்டாலும், சதுர மீட்டருக்கு 160 வாட் அளவு வெப்பம் கூரை வழியே இறங்கும். நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு குடிலுக்கு இது 2,500 வாட்டுக்கு மேலாகும். ஆயிரம் வாட் மின்னடுப்புகள் இரண்டரையைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு நடுப்பகலில் அதன் கீழ்க் குழந்தையை உறங்க வைத்தலை இது நிகர்க்கும்.

அத்தகரத்தை நீக்கி ஆறங்குல கனத்திற்கு வைக்கோல் நெருங்க வேய்ந்தால் இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 வாட். அதாவது பத்தில் ஒரு பங்கினும் குறைவு. கூரையின் அடிப்புறம் உட்காற்றினும் இரண்டு பாகை அளவே மிகுந்திருக்கும். ஆதலின் தலைக்கு மேலே கதிர்வீசும் அடுப்பு இல்லை. தகரத்தை நீக்க மனமில்லையாயின், அதன் அடியில் இரண்டங்குல கனத்திற்கு வைக்கோலையோ உமி நிறைத்த பைகளையோ பொருத்தினாலும் 160 வாட் 30 வாட்டாகக் குறையும். அதுவும் இயலாதாயின், தகரத்தின் மேல் வெண்சுண்ணாம்பு பூசலாம். வெள்ளைப் பரப்பு வெயிலிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், காற்றினும் 23 பாகை மிகுந்திருந்த தகரம் 8 பாகையளவே மிகுந்திருக்கும். மழையில் அது கரையும். மீண்டும் பூச வேண்டும். ஆயினும் ஒரு வாளிச் சுண்ணாம்பு நீரினும் மலிவான மருந்து இந்நோய்க்கு வேறில்லை. தார் அட்டையின் கருநிறமோ இதற்கு முற்றும் எதிரானது. விழும் வெயிலிற் பெரும்பகுதியைத் தானே விழுங்குவது.

குளிர்நாட்டுக் கணக்கு இன்னும் வியப்புடையது. ஓய்ந்திருக்கும் மனிதன் ஒருவனுடைய உடல் ஏறக்குறைய 80 முதல் 100 வாட் வெப்பத்தை இடைவிடாது வெளியிடுகின்றது. ஐவர் அடங்கிய ஒரு குடும்பம் 400 வாட் அளவுள்ள ஓர் அடுப்பு என்னலாம். முற்கூறிய அளவுள்ள குடிலின் சுவரும் கூரையும் ஏறத்தாழ 50 சதுர மீட்டர். அவை ஒற்றைத் துணியாலோ ஒற்றைத் தகட்டாலோ ஆனவையாயின், அவ்வடுப்பின் வெப்பம் முழுதும் வெளியே ஓடிவிட, உள்ளிடம் வெளியிடத்தினும் இரண்டு பாகை கூடச் சூடேறாது. அச்சுவரை வைக்கோற் கட்டுகளால் எழுப்பி, மேலேயும் ஓரடி கனத்திற்கு வைக்கோல் பரப்புவோமாயின், தரை வழியாகவும் காற்றோட்டத்தாலும் இழப்பதைக் கழித்த பின்னரும், உள்ளே பத்துப் பாகைக்கு மேற் சூடு நிற்கும். வெளியே நீர் உறையும் குளிர் நிலவும்போதும் உள்ளிருப்போர் தம் உடல் வெப்பத்தாலேயே தம்மைக் காத்துக்கொள்வர். வேண்டுவது விறகு அன்று. விறகை வேண்டாத சுவரே. ஆயினும் குளிருக்கு அஞ்சி எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு உள்ளே கரியடுப்பு மூட்டுதல் உயிருக்கே உலைவைக்கும் என்பதை மறத்தலாகாது. நச்சுக்காற்று நிறமும் மணமும் இன்றி வந்து உறங்குவோரைக் கொல்லும். அடுப்பு உள்ள இடத்திற் புகைபோக்கியும் இன்றியமையாதது.

கணக்கை விடுத்து இனிக் காட்சிக்கு வருவோம். ஒரே வகை வீடு மூன்று நாடுகளில் மூன்று வேறு சீதோஷ்ண நிலைக்கேற்ப மாறிய வரலாறொன்று நமக்கு நல்லாசிரியனாக உள்ளது. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பான் தேசத்துக் கோபே நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. அங்கே ஷிகேரு பான் என்னும் கட்டடக் கலைஞர், வியட்நாமிலிருந்து முன்னரே அகதிகளாக வந்து குடியேறியிருந்து, இப்போது இரண்டாம் முறையும் வீடிழந்தோர்க்காகக் காகிதக் குழாய்களால் வீடமைத்தார். ஆலைகளிற் துணியும் காகிதமும் சுற்றி வைக்கும் அட்டைக் குழாய்களை ஒத்தவை அவை. 106 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ளவை. அவற்றை நெருக்கமாக நிறுத்திச் சுவராக்கி, இரு குழாய்களுக்கு இடையிலுள்ள சந்தை நீர்புகாத பஞ்சு நாடாவால் அடைத்தனர். மதுப்புட்டிகள் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் மணல் மூட்டைகளை நிரப்பி அடித்தளமிட்டனர். கூரைத் துணிக்கும் உட்கூரைக்கும் இடையே இடைவெளி விட்டு, கோடையில் அதன் வழியே காற்று ஓடவும், குளிர்காலத்தில் அதனை அடைத்துச் சூட்டைக் காக்கவும் வழி செய்தனர். மேற்கூரை வெயிலை ஏற்க, ஓடும் காற்று அச்சூட்டை வாரிச் செல்ல, உட்கூரை தண்ணென்று நிற்கின்றது. கதிர்வீசலையும் சலனத்தையும் ஒருங்கே அடக்கியாளும் எளிய உபாயம் இது.

1999-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் நவம்பரிலும் துருக்கி நாட்டில் அடுத்தடுத்து நிலநடுக்கங்கள் நேர்ந்தன. அங்கும் இக்காகித வீடு சென்றது. ஆனால் அந்நாட்டுக் குளிர்காலம் கடியது. குழாய்களுக்குள் காற்று இருந்ததேயன்றி அது சிறைப்பட்டிருக்கவில்லை. நான்கங்குல அகலமுள்ள குழிக்குள் காற்று மேலும் கீழும் சுழன்று ஒரு பக்கத்து வெப்பத்தை மறுபக்கத்திற்குச் சுமந்து செல்லும். ஆகவே அங்கே குழாய்களுக்குள் கிழித்த பழங்காகிதத்தைத் திணித்தனர். உட்கூரைக்கு மேலே கண்ணாடியிழைப் பஞ்சு பரப்பினர். பெரிய குழி பல்லாயிரம் சிறு குழிகளாயிற்று. காற்று அசையாது நின்றது. ரம்போர்டுப் பிரபு இறகுகளிற் கண்ட உண்மையைக் குப்பைக் காகிதம் செய்துகாட்டியது என்னலாம்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தைச் சார்ந்த கட்ச் நாட்டில் நிலம் நடுங்கியபோது அவ்வீடு புஜ் நகருக்கும் வந்தது. ஆங்கு அப்பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைத்தில. இடிந்த வீடுகளின் கல்லும் மண்ணுமே அடித்தளமாயின. தரை, அந்நாட்டு வழக்கப்படி மண்ணால் மெழுகப்பட்டது. கூரைக்கு மூங்கிலை வளைத்துச் சட்டமாக்கி, அதன்மேற் பிரம்புப் பாய் விரித்து, மழையைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் மற்றொரு பாயும் இட்டனர். இருபுறத்து முகப்புச் சுவர்களிலும் சிறு துளைகளுடைய பாய்களைப் பொருத்தினமையால், காற்று உலாவியது; உள்ளே சமைத்த புகையும் வெளியேறிற்று. குளிர்நாட்டில் எல்லாவற்றையும் அடைத்த அதே வீடு வெப்ப நாட்டிற் காற்றுக்கு வாயில் திறந்தது. ஒரே படத்தை எல்லா நாட்டிற்கும் அனுப்புதல் பேதைமை என்பதையும், எப்பொருளாயினும் அதனை அவ்விடத்துக் காற்றும் வெயிலும் அறிந்து கையாள வேண்டும் என்பதையும் இம்மூன்று வீடுகளும் நமக்குக் கற்பிக்கின்றன.

வைக்கோல் வீட்டின் கதையும் இத்தகையதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெப்ராஸ்கா மாகாணத்து மணற்குன்றுப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் குடியேறியோர்க்கு மரமும் இல்லை. வெட்டி அடுக்கத்தக்க உறுதியான புல்மண்ணும் இல்லை. புல்லை அழுத்திக் கட்டும் பொறி மட்டும் இருந்தது. வேறு கதியின்றி அக்கட்டுகளையே பெருஞ் செங்கற்களாக அடுக்கி, இருபுறமும் சாந்து பூசி வீடு கட்டினர். நல்ல வீடு பின்னர்க் கட்டுவோம் என்று எண்ணியோர், உள்ளே குளிர்காலத்திற் கதகதப்பும் கோடையிற் குளிர்ச்சியும் கண்டு அவற்றிலேயே நிலைத்துவிட்டனர். அம்மாகாணத்தில் ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928-ஆம் ஆண்டு வைக்கோற் கட்டுகளால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கின்றது. 2005-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் பாகிஸ்தானின் மலைநாட்டிலும், கையால் அழுத்திய சிறு வைக்கோற் கட்டுகளைக் கொண்டு வீடுகள் கட்டப்பட்டன. அவ்வகை வீடொன்றை 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்து அசைவு மேடையில் ஏற்றி ஆட்டிச் சோதித்தபோது அது இடிந்து விழாது நின்றது. எடை குறைந்து வளைந்து கொடுக்கும் சுவர், இடிந்தாலும் கற்சுவர் போல் உள்ளிருப்போரை நசுக்குவதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மண்ணின் தொழில் வேறு வகையானது. மண் வெப்பத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை, ஆனால் காலந்தாழ்த்துகின்றது. ஓரடி கனமுள்ள மண்சுவரின் வெளிப்புறத்தில் நண்பகலிற் பட்ட வெப்பம் உட்புறத்தை அடைய எட்டு முதல் பத்து மணி நேரம் செல்லும். அதற்குள் இரவு வந்துவிடும். பகலிற் கொதித்து இரவிற் குளிரும் வறண்ட நாடுகட்கு இது பெரு நன்மை. நாதர் கலீலி என்னும் ஈரானியக் கட்டடக் கலைஞர், நீண்ட பைகளில் அவ்விடத்து மண்ணையே நிரப்பி, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே முட்கம்பி இட்டுக் குவிமாடக் குடில்கள் அமைக்கும் முறையை வகுத்தார். கோடைவெயில் கொடிதாகிய ஈரானின் கூஜஸ்தான் மாகாணத்தில் 1995-ஆம் ஆண்டு அகதிகளுக்கு அத்தகைய குடில்கள் கட்டப்பட்டன. 2004-ஆம் ஆண்டில் அம்முறை ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு பெற்றது. வெளியிலிருந்து கொணர வேண்டியவை பையும் கம்பியும் மட்டுமே.

ஆயின் இதனை நம் கடற்கரைக்கு அப்படியே கொணர்தல் பொருந்தாது. கடலோரத்திற் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் வேறுபாடு சிறிது. காற்றிலோ ஈரம் மிகுதி. பகலில் ஏற்ற வெப்பத்தை இரவிற் கொடுக்கும் கனத்த சுவரும் கனத்த தளமும் அங்கே இரவு உறக்கத்தைக் கெடுக்கும். மெத்தை வீட்டிற் கோடையிரவைக் கழித்த எவரும் இதனை அறிவர். அங்கே வேண்டுவன நல்ல நிழல், கனமற்ற கூரை, ஓடும் காற்று ஆகிய மூன்றுமே. கீற்றும் பனையோலையும் வேய்ந்து, சுவருக்கு வெளியே நெடிது இறங்கிய தாழ்வாரமுடைய நம் முன்னோர் குடிசை இம்மூன்றையும் நிறைவேற்றியது. வெப்ப நூல் கல்லாத அவர்கள் அதன் முடிவை வாழ்ந்து கண்டனர்.

இங்ஙனம் கூறுவதால் இப்பொருள்களுக்குக் குற்றமே இல்லை என்பது எம் கருத்தன்று. கீற்றுக் கூரையின் பகை தீ. ஒரு குடிசையிற் பட்ட பொறி ஒரு தெருவை அழித்ததை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். கறையானும் எலியும் வைக்கோலை நாடி வரும். மழை புகுந்தால் அது மக்கிவிடும். புயற்காற்று இலேசான கூரையைத் தூக்கி எறியும். மக்கள் ஓலையை விட்டுத் தகரத்தை விரும்பியது அறியாமையால் அன்று; இவ்வச்சங்களால்தான். அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாத அறிவுரை ஏட்டுச் சுரைக்காயாகும். எனினும் ஒவ்வொன்றிற்கும் மாற்று உண்டு. தளர்ந்த வைக்கோல் எளிதிற் பற்றும். இறுக அழுத்தி இருபுறமும் சாந்து பூசிய வைக்கோற் கட்டுச் சுவரோ, உள்ளே காற்றோட்டம் இன்மையால், தீச்சோதனைகளில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் தாங்கியுள்ளது. களிமண் குழம்பில் தோய்த்தெடுத்த வைக்கோல் எளிதில் தீப்பற்றாது. வெண்காரக் கரைசலில் ஊறிய மூங்கிலைப் பூச்சி அரிப்பதில்லை. சுவரைத் தரையிலிருந்து ஓரடி உயரக் கல்மேடையின் மேல் எழுப்பி, கூரையை வெளியே நீள இறக்கினால் ஈரம் அணுகாது. கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் கயிறோ கம்பியோ கொண்டு இறுகப் பிணித்தால் காற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

தகரத்திற்கும் அதற்குரிய பெருமை உண்டு. அதனை மடித்து அடுக்கி விரைவில் அனுப்பலாம், மழை ஒழுகாது, தீப்பற்றாது, நிலையான வீடு கட்டும்போது மீண்டும் பயன்படும். ஆகவே யாம் வேண்டுவது தகரத்தை விலக்குதல் அன்று. அதனைத் தனியே விடாதிருத்தலேயாம். மழையில் நடப்பவன் கையிற் குடையும் தோளிற் போர்வையும் கொள்கின்றான். குடை நீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. போர்வை குளிரைத் தடுக்கும்; நீரைத் தடுக்காது. தகரம் குடை, வைக்கோலும் உமியும் காகிதமும் போர்வை. குடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போர்வை கொடுத்ததாக எண்ணுவதே இதுவரை நேர்ந்த பிழை. குடையைத் தொலைவிலிருந்து அனுப்பலாம். போர்வையோ பெரும்பாலும் அழிவு நேர்ந்த இடத்திற்கு அண்மையிலேயே, வயலிலும் அரிசி ஆலையிலும் தோப்பிலும் கிடக்கின்றது.

மற்றொரு நன்மையும் உண்டு. சிமெண்டு செய்யச் சூளையின் வெம்மை 1,450 பாகை அளவு ஏற வேண்டும். இரும்பு உருக்க அதனினும் மேல். அவ்வளவு கரியும் எரிந்து வானில் புகையாகக் கலந்து, உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது. வைக்கோலோ வயலில் வெயிலை உண்டு தானே விளைந்தது. வட இந்தியாவிற் பஞ்சாப், ஹரியானா மாகாணங்களில் அறுவடைக்குப் பின் தாளை வயலிலேயே எரிப்பதால் எழும் புகை ஆண்டுதோறும் தலைநகரை மூடுகின்றது. எரித்து நஞ்சாக்கும் அதே பொருள் சுவருக்குள் அமைந்தால் ஒரு குடும்பத்தைக் காக்கும். புகலிடத்தின் தேவை முடிந்த பின்னரும் அது குப்பை மேடாகக் கிடவாது. மண்ணோடு மண்ணாய் எருவாகிவிடும்.

நம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். இவற்றை நம் சொல்லுக்காக நம்ப வேண்டுவதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு மரப்பெட்டிகளை எடுத்து, இரண்டிற்கும் தகரத்தால் மூடி செய்து, ஒன்றன் மூடிக்கு அடியில் மட்டும் இரண்டங்குல உமியைப் பையிலிட்டுப் பொருத்தி, இரண்டினுள்ளும் வெப்பமானியை வைத்து நடுப்பகல் வெயிலில் நிறுத்துக. நாழிகைக்கு ஒருமுறை குறித்து வருக. மறுநாள் ஒரு மூடிக்குச் சுண்ணாம்பு பூசிப் பார்க்க. அதற்கடுத்த நாள் உமியை நீரில் நனைத்துப் பார்க்க. இக்கட்டுரையிற் கூறியன யாவும் உங்கள் கைப்பட எழுதிய எண்களில் விளங்கும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தம் ஊரில் மலிவாய்க் கிடைக்கும் பொருள்கள் யாவை, பழைய கூரைகள் எவ்வாறு வேயப்பட்டன என்பவற்றைக் கூரை வேயும் முதியோரிடம் கேட்டு எழுதி வருவாராயின், அது பரீட்சைக்கு உதவாதாயினும், ஒரு நாள் பலருக்கு உதவும்.

கடலும் நிலமும் எப்போது சீறும் என்பதை நாம் அறியோம். சீறிய பின்னர் ஓடிச் சென்று உதவும் இரக்கம் நம் மக்களுக்குக் குறைவின்றி உண்டு. அவ்விரக்கத்தோடு சிறிது இயற்கை அறிவும் சேருமாயின், வீடிழந்த தாய் ஒருத்தி தன் குழந்தையை நடுப்பகலிற் கூரைக்கு வெளியே தூக்கிக்கொண்டு மரநிழல் தேடி அலைய வேண்டுவதில்லை. இரண்டங்குல வைக்கோலும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் செய்யத்தக்க உதவி அது. அதனை முன்னரே அறிந்திருத்தல் நம் கடன்.